நான் மூச்செடுத்த இடம்

ஏசி அதிகமாக இருந்தால் சொல்லுங்கள் மேடம், குறைத்துவிடுகிறேன். இந்த ஒலிப்பதிவு அறையில் குளிர் இயந்திரங்களுக்காக வைத்திருப்பது. மனிதர்கள் பழகிக்கொள்ள வேண்டியதுதான். நான் ஏழு வருடமாக ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் இங்கே வேலை பார்க்கிறேன்.

நீங்கள் என் தங்கையின் வக்கீல். அவளே வழக்கை விட்டுவிட்டாள். அப்பாதான் மேல்முறையீடு செய்யச் சொல்லி உங்களை நச்சரிக்கிறார். பதிவேட்டை ஒரு முறை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறீர்கள். இதோ பதிவேடு. ஆனால் இதில் நான் எழுதிய ஒரு வரி பொய். உங்கள் ஃபோனில் ரெக்கார்டரைப் போட்டுக்கொள்ளுங்கள். மேஜை மேல் வேண்டாம், அதிர்வு ஏறும். கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ட்ராக் பாடுவது என்றால் என்னவென்று வழக்கில் கேட்டிருப்பீர்கள். பெரிய பாடகி வருவதற்கு முன் வேறு யாரையாவது மாதிரிக்குப் பாட வைப்போம். பாடகி அதைக் கேட்டுப் பாட்டைக் கற்றுக்கொண்டு பாடுவார். பிறகு மாதிரியை அழித்துவிடுவோம். அழித்ததும் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை.

தங்கை பாடவிருந்த மழைப் பாட்டுக்கு ட்ராக் பாட வேண்டியவர் அன்று வரவில்லை. இசையமைப்பாளர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, ரெண்டு பேரும் ஒரே வயித்துல பொறந்தவங்கதானே? சும்மா பாடி வை. எப்படியும் அழிக்கப்போறோம்."

ஃபோனில் எங்கள் குரல் அப்பாவுக்கே பிடிபடாது. 'பெரிசா, சின்னதா?' என்று கேட்டுக்கொண்டுதான் திட்டவே ஆரம்பிப்பார்.

நான் இயற்பியல் படித்தவள். நாலு பேர் இருந்தால் வாய் திறக்க வராது. ஆனால் மைக் இருக்கும் அறையில் யாரும் இல்லை. பாடினேன். இரண்டாவது சரணத்தின் முதல் வரியை ஒரே மூச்சில் பாட வேண்டும். எனக்குப் போதவில்லை. கடைசிச் சொல்லுக்கு முன் மூச்செடுத்துவிட்டேன். தவறுதான். முடித்துவிட்டு நிமிர்ந்தபோது இசையமைப்பாளர் ஃபோனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். கையை மட்டும் அசைத்துப் போதும் என்றார்.

மறுநாள் தங்கை வந்தாள். ஹெட்ஃபோனில் கேட்டாள். அந்த வரி முழுவதையும், அதற்கு மேலும் பாட அவளுக்கு மூச்சு உண்டு. இருந்தும் அதே இடத்தில் மூச்செடுத்துப் பாடினாள்.

"இது நல்லாருக்குக்கா. அப்படியே வச்சுக்கிறேன்."

பாட்டு வெளிவந்த பிறகு எல்லோரும் பேசியது அந்த மூச்சைப் பற்றித்தான். அழுகையை விழுங்குவது போல இருக்கிறது என்று எழுதினார்கள். மேடையில் அந்த இடம் வந்தாலே கைதட்டல். எப்படித் தோன்றியது என்று ஒரு பேட்டியில் கேட்டார்கள். "தானா வந்துச்சு" என்றாள்.

நான் பொறாமைப்படவில்லை. தகவல் தவறு என்று மட்டும் நினைத்தேன். ட்ராக்கை அழிக்காமலேயே அழித்ததாகப் பதிவேட்டில் எழுதியிருந்தேன். நான் சொன்ன பொய் வரி அதுதான்.

நான்கு வருடம் கழித்து அந்த வீடியோ கேம் கம்பெனி வந்தது. போர் விளையாட்டு. விளம்பரத்தில் இடிந்த ஊரின் மேல் மழை பெய்யும். அப்போது இந்தப் பாட்டு வர வேண்டும். மெட்டுக்கும் வரிகளுக்கும் உரிமை வைத்திருந்த இசை நிறுவனம் சரி என்றது. ஆனால் தங்கையின் குரலை விளம்பரத்தில் பயன்படுத்த அவளே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்று அவளுடைய ஒப்பந்தத்தில் இருந்தது. அவள் மாட்டேன் என்றாள்.

"என் பொண்ணை அந்தப் பாட்டைப் பாடித்தான் தூங்க வைக்கிறேன். அதைப் போட்டுக்கிட்டு இவங்க சுடுவாங்களாம். போயிட்டு வரச் சொல்லுக்கா."

அவளுக்கு வரும் கடிதங்களுக்கெல்லாம் நான்தான் பதில் எழுதுவேன். ரசிகர்கள் கேட்கும் படங்களில் அவள் கையெழுத்தைப் போடுவதும் நான்தான். "நீ போட்டாத்தான்க்கா என் கையெழுத்து அழகா இருக்கு" என்று சிரிப்பாள். அன்று மறுப்புக் கடிதம் எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதி முடித்தபோது அது சம்மதக் கடிதமாக இருந்தது. ட்ராக்கில் இரைச்சலை நீக்கி, கொஞ்சம் எதிரொலி சேர்த்து, விளம்பரத்துக்கென்றே புதிதாகப் பாடியது என்று சொல்லி இணைத்து அனுப்பினேன். அவளிடம் மறுத்து எழுதிவிட்டதாகச் சொன்னேன். தொகையை அவள் கணக்குக்கே அனுப்பச் சொன்னேன். பணத்துக்காகச் செய்தேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

விளம்பரம் வந்தது. யாரோ தன்னைப் போலப் பாடி ஏமாற்றிவிட்டார்கள் என்று அந்தக் கம்பெனி மேல் அவள் வழக்குப் போட்டாள். அப்போது வேறு வக்கீல்.

குரல் நிபுணர் இரண்டு பதிவுகளையும் திரையில் ஒன்றன் கீழ் ஒன்றாகப் போட்டுக் காட்டினார். மூச்சு ஒரே இடத்தில் விழுந்திருந்தது. இரண்டு பேர் தனித்தனியாக இப்படி ஓர் இடத்தில் மூச்செடுக்க வாய்ப்பில்லை என்றார். அது சரிதான். தனித்தனியாக எடுக்கவில்லை.

கையெழுத்தை ஒப்பிட இருபது ரசிகர் படங்களைக் கொண்டுவந்தார்கள். இருபதும் பொருந்தின. கூண்டில் வைத்து அவள் போட்டுக்காட்டியது மட்டும் பொருந்தவில்லை. வேண்டுமென்றே மாற்றிப் போடுகிறார் என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். ரசிகர் படங்களுக்கு அக்கா கையெழுத்துப் போடுவாள் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. என்னைச் சந்திக்கு இழுக்க வேண்டாம் என்று நினைத்திருப்பாள்.

ட்ராக் பாடியது நான் என்பதை மட்டும் சொன்னாள். நான் பதிவேட்டைக் காட்டினேன். பாடிக்காட்டச் சொன்னார்கள். காது நன்றாக இருப்பவர்களுக்குச் சுருதி விலகிப் பாடுவது சிரமம். இரண்டு வாரம் பழகியிருந்தேன். நான்காவது வரியில் நீதிபதியே, "போதும்மா, உட்காருங்க" என்றார். பின்வரிசையில் சிரித்தார்கள்.

திரும்பும்போது காரில் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாவம்க்கா நீ. நாலு பேர் முன்னாடி உன்னைப் போய்ப் பாடச் சொல்றாங்க. நீ எங்கே, அந்தக் குரல் எங்கே."

அன்பாகத்தான் சொன்னாள். என்னைச் சந்தேகப்படக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. மேற்கொண்டு நடந்தவற்றை அந்தக் கார்ப் பயணத்திலிருந்து கணக்கிடுவது நியாயமாக இருக்கும்.

எதிர்த்தரப்பு வக்கீல் அவளிடம் நக்கலாக ஒரு கேள்வி கேட்டிருந்தார். "பாடிட்டு மறந்துட்டீங்களோ?" யோசித்துப் பார்த்தால் மறதி நல்ல விளக்கம். எல்லாத் தரவுகளுக்கும் பொருந்தியது. அவளுக்கு மறதி இல்லை என்பது ஒன்றுதான் குறை.

நான் அவள் வீட்டில்தான் இருந்தேன். சின்னச் சின்னதாகத் தொடங்கினேன். சாவியை இடம் மாற்றினேன். அவள் அணைத்துவிட்டு வந்த அடுப்பைத் திரும்பப் பற்றவைத்தேன். ஃபோனில் அவள் குறித்து வைத்த தேதிகளை ஒரு நாள் தள்ளிப்போட்டேன். தேடித் தேடிக் களைத்துப்போய் என்னிடம்தான் வருவாள்.

"எனக்கு என்னமோ ஆகுதுக்கா."

"ஒண்ணும் இல்லடி. அலைச்சல்தான். எதுக்கும் ஒரு டாக்டரைப் பார்த்துடலாம்."

நான்தான் அழைத்துப்போனேன். என்னென்ன மறந்தாள் என்று தேதிவாரியாக எழுதி எடுத்துப்போனேன். இவ்வளவு அக்கறையாக யாரும் எழுதி வருவதில்லை என்றார் டாக்டர்.

ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளியிலிருந்து குழந்தையை நான் கூட்டி வருகிறேன் என்று அவளிடம் சொன்னேன். போகவில்லை. குழந்தை ஐந்து மணி வரை பள்ளி கேட் அருகே நின்று அழுதிருக்கிறது. மாப்பிள்ளையும் தங்கையும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் எப்போடி சொன்னேன்?" என்றேன்.

மாப்பிள்ளை அவளைத் திட்டக்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை குழந்தையைத் தன் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார். அவள் சரியான பிறகு பார்க்கலாம் என்றார்.

தீர்ப்புக்கு முந்தைய வாரம் தங்கை என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, நெஜமாச் சொல்லு. அதை நான்தான் பாடினேனா?"

"ஆமாடி. நான்தானே ரெக்கார்ட் பண்ணேன். நீ மறுத்தப்போ உன்னைக் காட்டிக்கொடுக்க மனசு வரலை. ஞாபகமே இல்லையா உனக்கு?"

இல்லை என்று தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகு அவள் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. தோற்றது உங்களுக்குத் தெரியும்.

இப்போது அவள் பாடுவதில்லை. மாலையில் குழந்தை ஃபோன் செய்து மழைப் பாட்டைக் கேட்டால், ஃபோனை என்னிடம் கொடுத்துவிட்டு அறையை விட்டுப் போய்விடுகிறாள். நான் பாடுகிறேன். குழந்தைக்கு வித்தியாசம் தெரியவில்லை.

தண்ணீர் வேண்டுமா மேடம்? குடிக்கும்போது ஃபோனைத் தள்ளிப் பிடியுங்கள், பதிவில் கேட்கும்.

இதையெல்லாம் ஏன் இப்போது சொல்கிறேன் என்று கேட்பீர்கள். நேற்று விளம்பரப் பாடல்களுக்கான விருதுகளை அறிவித்தார்கள். சிறந்த குரலுக்கான விருது இந்த விளம்பரத்துக்கு. அசல் பாட்டைவிட இந்தப் பதிவு ஒரு படி மேல், அந்த மூச்சு இதில்தான் உண்மையாக இருக்கிறது என்று நடுவர்கள் எழுதியிருக்கிறார்கள். நான் பலமுறை படித்தேன். கீழே தங்கையின் பெயர் இருக்கிறது.

ட்ராக்கின் அசல் இந்த டிஸ்கில் இருக்கிறது. பதிவான தேதி உள்ளேயே இருக்கும், பரிசோதிக்கலாம். இதை வைத்து நீங்கள் ஜெயித்துவிடுவீர்கள். குழந்தையும் அவளிடம் திரும்பி வரலாம். அதையெல்லாம் நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள்.

என் பெயரை இனிஷியலோடு முழுதாக எழுதிக்கொள்ளுங்கள். குற்றவாளி என்ற இடத்தில் எப்படி எழுதினாலும் பரவாயில்லை. பாடியவர் என்ற இடத்தில் மட்டும் பிழை வரக் கூடாது.