சாய்வாக வெட்டிய கொப்பு

அட்டை கடிக்காமல் இருக்க உப்பைவிடச் சவர்க்காரம்தான் நல்லது, சேர். உப்பு மழையில் கரைந்துவிடும். சவர்க்காரத்தை லேசாக நனைத்து முழங்கால் வரை தேய்த்துக்கொண்டால் மலை ஏறி இறங்கும்வரை தாங்கும். உங்கள் கான்ஸ்டபிள் வந்ததிலிருந்து குனிந்து குனிந்து காலைச் சொறிந்துகொண்டிருக்கிறார், அதனால் சொல்கிறேன். சிவசக்தியைத் தூக்கிக்கொண்டு இறங்கியவர்களில் அவரும் ஒருவர். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என் பையிலிருந்தே ஒரு துண்டு கொடுத்திருப்பேன்.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சரி.

என் பெயர் லூக்காஸ். ஸ்பிரிங்வெளிப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் இருக்கிறேன். முன்பு கவ்வாத்து வெட்டினேன். தேயிலைச் செடி உயர்ந்துவிட்டால் தலையை வெட்டி மட்டப்படுத்த வேண்டும், அந்த வேலை. கத்தி ஒரே வீச்சில் சாய்வாக இறங்க வேண்டும். அப்போதுதான் மழைத்தண்ணீர் வெட்டில் நிற்காமல் வழியும். வருஷக்கணக்காக வெட்டியும் என் பெயர் கணக்கப்பிள்ளைக்குச் சரியாக ஞாபகம் இருந்ததில்லை. பிறகு மலை ஏற வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். பௌர்ணமிப் போயா லீவில் பதுளையிலிருந்தும் மற்றத் தோட்டங்களிலிருந்தும் நம் பிள்ளைகளும் வந்தார்கள். நான் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு வழிகாட்டியாகிவிட்டேன்.

ஒரு முறை இரண்டு பிள்ளைகள் பனியில் வழி தவறிவிட்டார்கள். உண்மையாகவே தவறினார்கள், அதில் எனக்குச் சம்பந்தம் இல்லை. நான்தான் கண்டுபிடித்தேன். கூட்டிக்கொண்டு இறங்கியபோது லயமே வெளியில் வந்து நின்றது. ஒரு தாய் என் காலைத் தொட்டாள். தோட்டத்துத் துரை பங்களாவிலிருந்து இறங்கி வந்து கை கொடுத்தார். ஞாயிறு பூசையில் ஃபாதர் என் பெயரைச் சொன்னார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்றால், வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அதற்குப் பிறகு ரொம்ப நாள் ஒருவரும் தொலையவில்லை.

நீங்கள் இந்தப் பக்கத்துக்குப் புதிது. கொப்பு விஷயத்தைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். எங்கள் ஆட்கள் காட்டுக்குள் கால் வைக்கும் முன்பு ஒரு கொப்பை ஒடித்து முனியாண்டிக்குப் போடுவார்கள். உள்ளே வழி பிரிகிற இடத்தில், தாங்கள் போகிற பக்கத்து மரத்தில் இன்னொரு கொப்பைத் தொங்கவிடுவார்கள். இந்தப் பக்கம் ஆள் போயிருக்கிறது, சாமி காவல் இருக்கிறது, பயப்படாமல் வா என்று அர்த்தம். கையால்தான் ஒடிக்க வேண்டும், கத்தி படக் கூடாது. யாரையாவது தேடிப் போகிறவர்கள் அந்தக் கொப்பை எடுத்துக் கையோடு கொண்டுபோய், ஆளோடு திரும்பி வரும்போது முனியாண்டி காலடியில் வைப்பார்கள். நான் வேதக்காரன். எனக்கு அது வெறும் கொப்பு.

பைனஸ் மரக் காடு முடிகிற இடத்தில் வழி இரண்டாகப் பிரிகிறது. மேல் வழி உச்சிக்குப் போகும். கீழ் வழி ஊற்றுப் பள்ளத்தில் போய் முடிந்துவிடும். அங்கே இறங்குவது சுலபம். பனி மூடிவிட்டால் திரும்பி ஏற வழி தெரியாது. மேல் வழியில் தொங்கும் கொப்பை எடுத்துக் கீழ் வழியில் மாட்டினால் போதும். வெள்ளைக்காரர்களிடம் இது பலிக்காது, அவர்கள் போனைப் பார்த்து நடப்பார்கள். நம் பிள்ளைகள் பனி இறங்கியதும் போனைப் பையில் போட்டுவிட்டுக் கொப்பைத் தேடுவார்கள். தாயோடு விறகுக்குப் போய்ப் பழகியவர்கள்.

அதில் பெரிய கெடுதல் ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் பயப்படுவார்கள், அட்டை கடிக்கும், அவ்வளவுதான். கீழே ஆட்கள் கூடியதும் நான் போய்க் கூட்டி வருவேன். பையில் பிஸ்கட்டும் சவர்க்காரமும் இருக்கும். சீக்கிரம் போனால் நன்றி குறைவு. கத்திக் கத்தித் தொண்டை கட்டிய பிறகு போனால் பிடித்த கையை விடவே மாட்டார்கள். மலைக்கு மரியாதை கொடுக்கவும் அவர்கள் கற்றுக்கொண்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

சிவசக்தி எங்கள் லயத்தில் கடைசி வீட்டு வேலாயி அக்காவின் மகள். வழிகாட்டி வேலையை என்னிடம்தான் பழகினாள். இங்கிலீஷ் நன்றாகப் பேசுவாள், அதனால் வெள்ளைக்காரர்கள் என்னை விட்டுவிட்டு அவளைக் கேட்கத் தொடங்கினார்கள். அதைப் பொறுத்துக்கொண்டேன். போன போயாவுக்கு ஒரு புருஷனும் பெண்சாதியும் பள்ளத்தில் மாட்டிக்கொண்டார்கள். நான் வீட்டில் தேத்தண்ணி குடித்தபடி சரியான நேரத்துக்குக் காத்திருந்தேன். அதற்குள் அவள் போய்க் கூட்டி வந்துவிட்டாள். நான் காலில் சப்பாத்துக்கூடப் போட்டிருக்கவில்லை.

அவளுக்கு மாலை போட்டார்கள். எங்கள் ஃபாதர்கூட வந்து தலையில் கை வைத்தார். நான் கோப்பையோடு வாசலில் நின்றேன். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்து, "எல்லாம் நீங்க பழக்கிவிட்டதுதான் அண்ணே" என்றாள். என்னைக் குத்திக்காட்டுகிறாள் என்று நினைத்தேன். அவள் மனசாரத்தான் சொல்லியிருக்கிறாள் என்று இப்போது தெரிகிறது. அன்று வயிறு எரிந்தது.

அவளும் ஒரு தரம் தொலைந்து பார்க்கட்டும், நான் போய்க் கூட்டி வருகிறேன், எல்லாரும் பார்க்கட்டும் என்று நினைத்தேன். ஆனால் பள்ளம் அவளுக்குத் தெரியும், வெறும் பனியில் அவள் மாட்ட மாட்டாள். அந்த வாரத்து மழையில் பள்ளத்து ஓரம் மண்சரிந்து, பழைய ஒற்றையடிப் பாதை பாதியில் அறுந்து கிடந்தது. அது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. நீங்கள் எப்படியும் கேட்பீர்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். கால் பிசகும், அதற்கு மேல் ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன்.

நான் கொப்பு மாட்டப் போன அன்று விறகுக்கு யாரும் போகவில்லை, மாற்றி மாட்டக் கொப்பு இல்லை. புதிதாக ஒன்று வேண்டியிருந்தது. கை தானாகக் கத்திக்குப் போய்விட்டது. கீழ் வழியில் மாட்டிவிட்டு இறங்கி வந்து அவள் வீட்டு வாசலில் நின்றேன்.

"மேல போன ரெண்டு பேரு இன்னும் எறங்கல போல" என்றேன்.

போல என்றுதான் சொன்னேன், சேர். நிச்சயமாகச் சொல்லவில்லை. அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், கையைக் கழுவிவிட்டு எழுந்தாள். சாப்பிட்டு முடித்துவிட்டுப் போகும்படி வேலாயி அக்கா சொன்னார். "பாவம்மா, பயந்துகிட்டு இருப்பாங்க" என்று சொல்லிவிட்டு மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு போனாள்.

பின்னேரம் ஆகியும் அவள் வரவில்லை. லயத்தில் ஆட்கள் கூடினார்கள், உங்களுக்கும் சொல்லி அனுப்பினார்கள். எல்லாரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். நான் அவர்களை மேல் வழியில் அனுப்பிவிட்டுத் தனியாகப் பள்ளத்துக்கு இறங்கினேன்.

பாறைகளுக்கு நடுவில் கிடந்தாள். ஒரு கால் உடம்புக்கு அடியில் மடங்கியிருந்தது. ஊற்றுத் தண்ணீர் கலங்கி, ஏறிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் அவள் முகம் தெளிந்தது.

"அண்ணே, அந்த ரெண்டு பேரும் கெடச்சிட்டாங்களா?"

இல்லாத அந்த இரண்டு பேரும் கிடைத்துவிட்டார்கள் என்றேன். நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு கையிலிருந்த கொப்பைத் தூக்கிப் பார்த்தாள். தேடி வந்தவள் இல்லையா, வழக்கப்படி எடுத்து வந்திருக்கிறாள். நான் தேடிப் போகும்போது ஒரு நாளும் அதை எடுத்ததில்லை, அதனால் எனக்கு நினைவு வரவில்லை. அவள் வெட்டின்மேல் விரலை வைத்துத் தடவினாள்.

"இது கவ்வாத்து வெட்டு. கத்தியோட காட்டுக்கு வர்றது நீங்க மட்டுந்தான். ஏன் அண்ணே?"

அவள் சத்தம் போடவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் காலில் அட்டை ஏறியிருந்தது. நான் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு, சவர்க்காரத்தை நனைத்துப் பதமாகத் தேய்த்துவிட்டேன். ஆளுங்களைக் கூட்டி வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஏறினேன்.

ரொம்பத் தூரம் போகவில்லை. அவளுக்குத் தெரியாதபடி மேலே ஒரு பாறையில் உட்கார்ந்தேன். விசில் என் கழுத்தில்தான் இருந்தது. மேல் வழியில் ஆட்கள் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. ஊதியிருந்தால் ஓடி வந்திருப்பார்கள். அவளைத் தூக்கிக்கொண்டு இறங்குவோம், லயமே வெளியில் நிற்கும், ஃபாதர் நிற்பார், அவள் வாயைத் திறப்பாள். அந்த இடத்துக்கு மேல் என்னால் யோசிக்க முடியவில்லை. அவள் அண்ணே என்று கூப்பிட்டாள். பிறகு அம்மா என்று கூப்பிட்டாள். மழை பலத்தது. குரல் தண்ணீர்ச் சத்தத்துக்குள் போய்விட்டது, நான் இன்னும் கொஞ்சம் இருந்தேன்.

பிறகு இறங்கினேன். தண்ணீர் அவள் முகத்தைத் தாண்டியிருந்தது. கரைக்கு இழுத்துப் போட்டேன். கொப்பு கையில் இருந்தது. விரல்களை மெதுவாகப் பிரித்துப் பார்த்தேன், பிரியவில்லை. அதற்குமேல் இழுக்க மனம் வரவில்லை. விசிலை எடுத்து நன்றாக ஊதினேன்.

கம்பில் சாக்குக் கட்டித் தூக்கினோம். பைனஸ் காட்டில் வேலாயி அக்கா எதிரே வந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த விரல்கள் தாய்க்குப் பிரிந்துவிட்டன. வெட்டைப் பார்த்தார். ஆயுசு முழுதும் நாங்கள் கவ்வாத்து வெட்டிய செடியில் கொழுந்து எடுத்தவர். என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கொப்பை இடுப்புச் சேலையில் செருகிக்கொண்டார். உங்கள் மேசையில் இருப்பது அதுதான்.

நான்தான் செய்தேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள், சேர். அன்று அத்தனை பேர் மலை ஏறினார்கள். அந்தப் பனியில் அந்தப் பிள்ளையைக் கண்டுபிடித்தது நான்தான்.