ஆகாசத்தில் ரெண்டு சுத்து

— கட்டாதீங்கண்ணே. துண்ட எடுங்க மொதல்ல.

— ஒன்னைய அடக்கி வைக்கிறதுக்கு இல்ல ராமுத்தாயி. எகிறிச் சுத்தையில ரெண்டு கையும் நெஞ்சோட ஒட்டியிருந்தா எப்படி இருக்கும்னு ஒடம்பு ஒரு வாட்டி தெரிஞ்சுக்கிடணும். சக்கரச் சோடு போட வேணாம். வெறுங்காலோட எகிறு, போதும்.

— கையக் கட்டிட்டு எகிறுனா, விழுறப்ப எதை ஊன்றது? மூஞ்சியையா?

— வைக்கோல் மெத்த போட்டிருக்கேன். நானும் பக்கத்துல நிக்கிறேன்ல.

— நீங்க நிக்கிறதுதாண்ணே பயமா இருக்கு.

— என்ன சொன்ன?

— காதுல விழுந்துச்சுல்ல. தேவகிருபைக்கா விழுந்தப்பவும் நீங்கதானே பக்கத்துல நின்னீங்க. ரெண்டு வருசத்துக்கு முன்னால, பாலக்காட்டுல. சோட்டுச் சக்கரம் கழண்டு ஓடுனத கூடாரமே பாத்துச்சு.

— கிருபை எம் பொண்டாட்டி, தாயி.

— அதனாலதான் கேக்குறேன்.

— அந்தப் பேச்ச விடு. சர்க்கஸ் மேனேஜரு காலையில என்னையக் கூப்பிட்டு என்ன சொன்னாரு தெரியுமா? போடிக்கு வந்து எட்டு ஆட்டம், எட்டுலயும் நீ தடுமாறிருக்க. 'சீனிச்சாமி, சோடும் ஒன் பொறுப்பு, எகிறுற பலகையும் ஒன் பொறுப்பு. இன்னைக்கும் அந்தப் பொண்ணு விழுந்தா ஒன்னையத்தான் போலீசுல ஒப்படைப்பேன்'னுட்டாரு. மனசிலாச்சா?

— அதெப்படிண்ணே? அவருக்கே ஒங்க மேல சந்தேகம். நான் மட்டும் கையக் குடுத்துட்டு ஒங்க முன்னால நிக்கணுமாக்கும்.

— சரி, கட்டலை. துண்ட அங்கிட்டுப் போட்டுட்டேன், பாரு. இந்தா, ரெண்டு காகிதம். கக்கத்துக்கு ஒண்ணா வச்சு, முழங்கையால விலாவோட அமுக்கிக்க. சுத்தி எறங்குற வரைக்கும் கீழ விழக்கூடாது.

— காகிதத்துல என்ன இருக்கு?

— ஏலக்கா கடைப் பொட்டலத்தப் பிரிச்சது. வேணும்னா மோந்து பாத்துக்க.

— ம். தள்ளி நில்லுங்க. இன்னும் தள்ளி.

— நின்னாச்சு. மொதல்ல எகிறணும், பெறகுதான் சுருட்டணும். தரையில நிக்கையிலயே ஒடம்பச் சுருட்டுனா உசரம் கெடைக்காது. வயித்த உள்ள இழு. ம், எகிறு.

— ஆத்தாடி. விழுந்துச்சா காகிதம்?

— ஒன் கக்கத்துலதான் இருக்கு, எடுத்துப் பாரு. கால் மேல கால் பின்னியிருந்துச்சு, தல நேரா இருந்துச்சு, ஒடம்பு முறுக்குன கயிறாட்டம் இருந்துச்சு. வெறுங்கால்லயே ஒண்ணரைச் சுத்து சுத்திட்ட. மூணு வருசம் நானும் எகிறுனவன், எனக்குத் தெரியாதா? காலையில வர்றது சாயந்தரம் மட்டும் ஏன் வர மாட்டேங்குது?

— சோடுல கோளாறு. பின் சக்கரம் ஆடுது.

— நட்டு ஒவ்வொண்ணையும் நீயே திருகிப் பாத்த. நாலு நாளா சோட்டத் தலைமாட்டுல வச்சுக்கிட்டுத்தான் படுக்குற.

— பலகையில யாராச்சும் மெழுகத் தேச்சிருந்தா?

— மண்டி போட்டுத் தடவிப் பாத்ததும் நீதான். ஒன் கேள்வி முடிஞ்சதுல்ல? இப்ப நான் கேக்குறேன். நேத்தும் முந்தாநேத்தும் ஒன் ஆட்டத்தக் கண்ணு கொட்டாமப் பாத்தேன். கிளம்புறது சுத்தமா இருக்கு. மொதச் சுத்து முடியிற நேரம் எடது கை தனியாப் பிரியுது. கை பிரிஞ்சாச் சுத்து மந்தமாயிரும். ரெண்டாஞ் சுத்துப் பாதியிலயே குறுக்க எறங்குற. நெதமும் அதே கை, அதே எடம். அந்தப் பக்கம் யாரு உக்காந்திருக்கா?

— யாருமில்ல.

— மூணாவது வரிசை. நீலச் சேல.

— என்னைய வேவு பாக்குறீங்களா?

— நீ என் சக்கரத்த வேவு பாக்குறேல்ல.

— அது எங்கக்கா. பொட்டிபுரத்துல இருந்து வருது. மடியில இருக்குறது எம் பிள்ள.

— ஒனக்குப் பிள்ள இருக்குன்னு நீ சொன்னதே இல்லையே.

— சொல்லி என்ன ஆகப்போகுது? பிள்ளையோட அப்பா போன பெறகு வேற வழியில்லாம, ஆறு மாசத்துக் கொழந்தைய அக்காகிட்டப் போட்டுட்டு இங்க வந்து சேந்தேன். இப்ப மூணரை வயசு. மொத நாள் ஆட்டம் முடிஞ்சதும் ஓடிப்போயித் தூக்குனேன். மூஞ்சிப் பவுடரப் பாத்துப் பயந்து, 'அம்மா'ன்னு எங்கக்கா சேலைக்குள்ள போயி மொகத்த ஒளிச்சுக்கிருச்சு.

— இதான் சங்கதியா. அப்பப் பிள்ளையத் தேடி ஒன் தல திரும்புது தாயி. தல திரும்புனா தோளு திரும்பும், தோளு திரும்புனா கை பிரிஞ்சுரும். எதுத்த கம்பத்துல செவப்புத் துணி கட்டி விடுறேன். அது மேலயே கண்ண வையி. பிள்ளைய எறங்கி வந்து பாத்துக்கிடலாம்.

— எறங்கி வந்து எத்தன நாளைக்குப் பாக்குறது? வெள்ளிக்கெழம கூடாரத்தப் பிரிச்சு, இப்பத் திரும்ப விட்டிருக்காகளே அந்த ரயில்ல ஏத்தி மதுரைக்குக் கொண்டுபோயிருவாக. ஏழு வருசத்துக்குக் கைநாட்டு வச்சிருக்கேன். இன்னும் நாலு கெடக்கு.

— எல்லாரும் வச்சதுதான். நானும் வச்சிருக்கேன்.

— அதெப்படிண்ணே, சோட்டத் தொட்டுப் பாக்காம யாரையும் பலகையில ஏத்தாத ஆளு நீங்க. அன்னைக்கு மட்டும் கிருபைக்கா சக்கரம் எப்படிக் கழண்டுச்சு?

— எத்தன தடவ இதையே கேப்ப?

— நெசத்தச் சொல்ற வரைக்கும். சொல்லுங்க, ஒங்கள நம்புறேன். அதுக்குப் பெறகு கையையும் கட்டுங்க, கண்ணையும் கட்டுங்க, எகிறுறேன்.

— பின்னால யாரும் நிக்கிறாகளா பாரு.

— யானைக்காரரு மட்டுந்தான். அந்தாண்ட தண்ணி ஊத்திக்கிட்டு இருக்காரு.

— கிருபைதான் கேட்டா. மூணு மாசமா ராவும் பகலும் கேட்டா. 'காலு சுளுக்குற அளவுக்கு விழுந்தாப் போதும், எழுதுன காகிதத்தக் கிழிச்சு வீட்டுக்கு அனுப்பிருவாக'ன்னா. நட்ட அரைத் திருகு தளத்துனேன். அரைத் திருகுதான் தாயி. ரெண்டு எடத்துல எலும்பு முறிஞ்சு போச்சு.

— அக்கா இப்ப எங்க இருக்கு?

— ராசிங்காபுரத்துல. நொண்டித்தான் நடக்குறா. ஆனா அவ வீட்டுல நடக்குறா. என் கெடு முடியட்டும்னு காத்துக்கிட்டு இருக்கா. சொல்லிட்டேன். நீ போயி மேனேஜரு காதுல போட்டா என் கத முடிஞ்சது. இப்பவாச்சும் நம்புறியா?

— நம்புறேன். அவருகிட்டச் சொல்ல மாட்டேன்.

— அது போதும். அப்பச் சாயந்தரம் கை பிரியாதுல்ல?

— ஒங்களுக்குப் பயந்து நான் சக்கரம் கழண்ட கதையக் கேக்கலைண்ணே. எட்டு ஆட்டமா நானாத்தான் கைய விட்டு விட்டுப் பாக்குறேன், ஒரு எலும்பும் ஒடைய மாட்டேங்குது.