வெற்றிலைக் கூடையில் இரும்பு நகம்

ஓடுகிறேன். வைகை மணல் காலை இழுக்கிறது. பின்னால் வெடிச் சத்தம். இரண்டாவது. "நில்லுடா! சுட்டுருவேன்!" என்று கத்துகிறார்கள். நான் நிற்கவில்லை. அண்ணன் என்னோடு வரவில்லை என்பது அக்கரை நாணலுக்குள் விழுந்த பிறகுதான் தெரிந்தது.

நாற்பத்திரண்டாம் வருஷம். ஆவணி, செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பது மணி இருக்கும்.

நானும் அண்ணன் மாயாண்டியும் சோழவந்தான் பக்கம் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிறவர்கள். ஆளுக்கு ஒரு கூடையைத் தலையில் வைத்து மதுரைக் கடைகளுக்கு நடந்து வந்தோம். முந்தின நாள் யாரோ ரயில் பாதையோரம் தந்திக் கம்பியை அறுத்திருந்தார்கள். உலகச் சண்டை நடந்த காலம். யாரையும் நிறுத்தலாம், எதையும் அவிழ்க்கலாம் என்று போலீசுக்கு அதிகாரம். ஆரப்பாளையம் ரோட்டில் மூங்கிலைக் குறுக்கே கட்டி நின்றார்கள்.

எங்களுக்கு முன்னால் சட்டை போட்ட இரண்டு பேர். கையில் பெரிய பை. ஒரு கேள்வி இல்லை, போனார்கள். வெற்றுடம்போடு வந்தவர்களை மட்டும் வரிசையில் நிறுத்தினார்கள். எனக்குக் கோபம்கூட வரவில்லை. அதுதான் வழக்கம்.

அண்ணன் மடியில் இரும்பு நகம் இருந்தது. பெருவிரலில் மாட்டிக்கொண்டு காம்பைக் கிள்ளுவதற்கு. சுண்டுவிரல் நீளம் இராது. இரும்பு வைத்திருந்தால் அடிக்கிறார்கள் என்று வழியில் கேள்விப்பட்டிருந்தேன். பயம். மெதுவாகச் சொன்னேன்.

"அண்ணே, நகத்தை எடுத்து வெத்தலைக்குள்ள சொருகிரு."

"கேட்டா சொல்லிக்கிறலாம்டா. இதுல என்ன இருக்கு?"

"சொன்னதைச் செய்யிண்ணே."

கூடையை இறக்கி, செய்தார். ஒரு போலீஸ்காரர் பார்த்துவிட்டார்.

"என்னடா ஒளிக்கிற?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. துப்பாக்கிக் கட்டையால் கூடையை இடித்தார். வெற்றிலை ரோடெல்லாம் சிதறியது. வெற்றிலை மிதிபட நாங்கள் விடமாட்டோம். அண்ணன் பொறுக்கக் குனிந்தார். கை இலைக்குள் போனது. ஆயுதம் எடுக்கிறார் என்று நினைத்தார்களாம். முதல் வெடி அது. நான் திரும்பிப் பார்க்காமல் ஓடினேன்.

சோதனையே கூடாது என்று சொல்ல வரவில்லை. கம்பி அறுந்தது நிஜம். தேடத்தான் வேண்டும். எதற்கு நிறுத்துகிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சட்டை போட்டவர்களின் பையையும் பார்த்திருக்கலாம். நாலு பேர் பார்க்க, கூடையை அண்ணன் கையாலேயே அவிழ்க்க விட்டிருக்கலாம். நகத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டிருந்தால், ஒரு வெற்றிலையைக் கிள்ளிக் காட்டியிருப்பார். அவ்வளவுதான் வேலை.

மூன்றாம் நாள் எங்கள் அய்யா போய் உடலை வாங்கி வந்தார். கைநாட்டு வாங்கிய காகிதத்தில் 'ஆயுதம் ஒன்று' என்று எழுதியிருந்ததாம். நான் அழவில்லை. ஏனோ இன்றுவரை அழுகை வரவில்லை.

போனவை இவை. இரண்டு கூடை வெற்றிலை. அண்ணனின் தலைத்துண்டு. அந்த நகம். மாயாண்டி, வயது இருபத்தாறு.

அண்ணி என்னிடம் மட்டும் கேட்பார். "அவரு எதையும் ஒளிக்கிற ஆளு இல்லையே தம்பி. அன்னைக்கு மட்டும் ஏன் ஒளிச்சாரு?"

தெரியவில்லை என்றே சொல்லிவந்தேன். போன மாசியில் அண்ணியும் போய்விட்டார்.