அம்மன் பக்கம் திருப்புன துப்பாக்கி

ஆமா, நீட்டுனேன். அம்மன் பக்கந்தான் நீட்டுனேன். இல்லைன்னு நான் எப்ப சொன்னேன்? மொதல்ல உள்ள வந்து உக்காருங்க தலைவரே. கோயில் தலைவரு என் வீட்டு வாசல்ல நின்னு கத்துனா லயத்து வீடுங்கள்ல அத்தன பேரும் எட்டிப் பாப்பாங்க. அந்த நாக்காலி வேணாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. எங்க வீட்டுக்காரரு இல்ல. செம்பனைக் காட்டுல பன்னி பூந்துருச்சுன்னு ஆபிஸ் கிராணி ஆள் வுட்டாரு, துப்பாக்கியத் தூக்கிக்கிட்டுப் போயிருக்காரு. பன்னிக்கு அவரு மேல பயமே கெடையாது, அது வேற விசயம்.

சொல்லுங்க. வெள்ளிக்கிழம பூசை முடிஞ்சதும் அத்தன சனத்துக்கு முன்னால மைக்கப் புடிச்சி, நான் பண்ணுனது தப்புன்னு மன்னிப்பு கேக்கணும். அப்படித்தான? கேக்கலைன்னா? தையில எம்மவ ஷாந்தினி கல்யாணத்துக்குக் கோயில் கெடையாது. அதையும் வாயால சொல்லிருங்களேன், எதுக்கு மென்னு முழுங்குறீங்க? பத்திரிகை அடிக்கக் குடுத்தாச்சு. மாப்ள வீட்டுக்காரங்க சுங்கை ஊடாங்குலருந்து பஸ் புடிச்சி வரப்போறாங்க. கோயில் ஏன் மாறுச்சுன்னு கேட்டா, பொண்ணோட அம்மா சாமியச் சுடப் போனான்னு சொல்வீங்க. நல்லா இருக்கு. பொண்ணு வீட்டுக்கு இதவிட மரியாத வேற என்ன வேணும்?

இருங்க, கோவப்படாதீங்க. நானும் பேசணும்ல. கமிட்டி மீட்டிங்குல ஆம்பளைங்க எல்லாரும் பேசி முடிச்சிட்டீங்க. என்ன ஒரு வார்த்த கேட்டீங்களா?

எங்க வீட்டுக்காரரு தங்கராஜு இருக்காரே, அவருக்கு அந்தத் துப்பாக்கி எப்படி வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும். தோட்டத்துல பன்னி தொல்ல தாங்கலைன்னு ராவுல காவலுக்கு ஜாகா வேல பாக்குறவருக்கு ஆபிஸ்ல குடுத்தாங்க. ஒத்தக் குழலு. ஒரு நாளு அலோர் காஜா பக்கம் கூட்டிட்டுப் போயி, எப்படிப் புடிக்கணும், எப்படி வைக்கணும்னு சொல்லிக் குடுத்தாங்க. அன்னிக்கு வீட்டுக்கு வந்தாரு பாருங்க! கவர்னரு மாதிரி. நான் அடுப்படியில வெங்காயம் உரிச்சிக்கிட்டு இருக்கேன், எதுர நின்னு ஒப்பிக்கிறாரு. எந்தத் துப்பாக்கியையும் தோட்டா இருக்கிற துப்பாக்கியாத்தான் நெனைக்கணும். எதச் சுடப் போறோமோ அதுக்கு நேரா மட்டுந்தான் குழல் பாக்கணும். சுடுற நேரம் வர்ற வரைக்கும் வெரல் விசைக்கிட்ட போகக்கூடாது. ஒருத்தர் கையிலருந்து வாங்குனா மொதல்ல தொறந்து பாக்கணும், காலின்னு அவரு சொன்னாலும் தொறந்து பாக்கணும்.

வெங்காயம் உரிச்சி முடிக்கிறதுக்குள்ள எனக்கு மனப்பாடம் ஆயிருச்சு. அவருக்கு மறந்துருச்சு.

சிரிக்கிறீங்களா? சிரிங்க. மறுநாளே மோட்டார் சைக்கிள்ல குறுக்க வச்சிக் கட்டிக்கிட்டு ரெம்பியா பாசார் வரைக்கும் போயிட்டு வந்தாரு. குழலு ரோட்டுல போறவன் வர்றவன் அத்தன பேரு வயித்தையும் பாத்துக்கிட்டே போவுது. காப்பிக் கடையில உக்காந்தா அத ஊனி, குழல் வாய்ப் பக்கத்துல தாடைய வச்சிக்கிட்டுக் கத பேசுவாரு. கேட்டா, காலிதான்லா. கூட்டாளி எவனாவது வாங்கி ஒரு கண்ண மூடிக் குறி பாப்பான், காலிதான்லா. நானும் பாத்துட்டேன் தலைவரே, இந்தத் தோட்டத்துல காலிதான்லான்னு சொன்ன ஒருத்தன்கூடத் தொறந்து பாத்துட்டுச் சொன்னதில்ல. வாய் மட்டும் நீளம். எங்க வீட்டு ஆளுக்கு மட்டுமில்ல, உங்க எல்லாருக்குந்தான்.

அதனால நான் ஒரு பழக்கம் வச்சேன். வேல முடிஞ்சி வந்தா படியிலயே நிப்பாட்டுவேன். குழலத் தரையப் பாத்து என் கையில குடுக்கணும். நான் மடக்கித் தொறந்து, உள்ள சுண்டு வெரல வுட்டுத் தடவிப் பாத்துட்டுத்தான் ஆணியில மாட்டுவேன். மொதல்ல என்னா சண்ட! பொம்பள என்ன சோதன போடுறாளேன்னு குதிச்சாரு. ஒரு நாளு அப்படித் தொறந்தேன், ஒரு தோட்டா டொக்குன்னு விழுந்து, ஷாந்தினி சோறு தின்னுக்கிட்டு இருந்த தட்டுகிட்டப் போயி நின்னுச்சு. அதப் பாத்துட்டு இந்த மனுசன் என்னா சொன்னாருன்னு நெனைக்கிறீங்க? அட, இருந்துச்சா? இருந்துச்சாவாம்! அதுக்கப்பறம் வாயத் தொறக்காம என் கையில குடுத்துருவாரு.

ம்? பூசைக்கு வரேன், வரேன். அவசரப்படாதீங்க.

ஆயுத பூசைக்குத் துப்பாக்கியும் வேணும்னு யாரு கேட்டது? நீங்கதான். பக்கத்துத் தோட்டத்துக் கோயில்ல புது டிராக்டர நிப்பாட்டிப் பூச போட்டாங்களாம். நமக்குக் கௌரவம் கொறஞ்சி போச்சாம். வெட்டுக் கத்தி, பழம் வெட்டுற அரிவா, புள்ளைங்க புஸ்தகம், லாரி சாவி, இதெல்லாம் பத்தல உங்களுக்கு. சரி, வச்சிட்டுப் போங்க. நான் வேணாங்கல. காலையில என் கையாலயே தொறந்து பாத்து, ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சிதான் குடுத்து வுட்டேன். தோட்டாவெல்லாம் அவரு சட்டப் பையில. அதுவரைக்கும் எல்லாம் ஒழுங்கு.

அப்பறம் நீங்க வாயத் தொறந்தீங்க. சாமி முன்னால வெறுந் துப்பாக்கிய வைக்கிறது வெறுந் தட்ட வைக்கிற மாதிரி, தோட்டாவப் போட்டு வையிடான்னு. சொன்னீங்களா, இல்லையா? நான் பின்னால சுண்டல் கிண்டிக்கிட்டு இருந்தேன், என் காதுல விழுந்துச்சு. நீங்க சொன்னீங்க, எங்க வீட்டுக்காரரு தலைய ஆட்டிக்கிட்டே போட்டாரு. தலைவர் சொன்னா அவரு கெணத்துலகூடக் குதிப்பாரு. வீட்டுல நான் சொன்னா மட்டுந்தான் கவுரவம் வந்து முட்டும்.

துப்பாக்கியோட அடிக்கட்ட அம்மன் காலடியில இருக்கணும்னு சொன்னதும் நீங்கதான். அப்ப குழல் வாய் எந்தப் பக்கம் பாக்கும்? அதையாவது ஒருத்தராச்சும் யோசிச்சீங்களா? இத்தன ஆம்பளைங்க, வேட்டிய மடிச்சிக் கட்டிக்கிட்டு அங்கிட்டும் இங்கிட்டும் ஓடுறீங்க, ஒருத்தர் கண்ணுலயும் படல. வெளிய ஒரே பொகமூட்டம், மூச்சு வுட முடியலன்னு கொட்டாயில பாட வேண்டிய புள்ளைங்கள உள்ள கூட்டியாந்து, படையலுக்கு நேரா உக்கார வச்சாச்சு. குழல் அதுங்களப் பாத்துக்கிட்டு இருக்கு. அதுங்க கையத் தட்டிப் பாடிக்கிட்டு இருக்குதுங்க.

இன்னுங் கேளுங்க. மால நிக்கல, சறுக்குதுன்னு உங்க கமிட்டிப் பையன் ஒருத்தன் என்ன பண்ணுனான்? மாலையோட நூலக் கொண்டுபோயி விசை இருக்கிற வளையத்துக்குள்ள வுட்டு இழுத்து ஒரு முடிச்சி. விசையில தலைவரே! அவன் கட்டுன அழகப் பாத்து நீங்க நல்லாருக்குன்னு வேற சொன்னீங்க. தீபாராதன முடிஞ்சா பூசாரி என்ன பண்ணுவாரு? ஆயுதத்து மேல இருக்கிற பூவ உருவி ஆளுக்குக் கொஞ்சம் குடுப்பாரு. உருவுனா என்ன ஆவும்? இதுக்குக் கோர்ஸு போணுமா? கண்ணு இருந்தா போதாதா?

நான் சும்மா பாஞ்சி வந்தேன்னு மீட்டிங்குல சொன்னீங்களாம். பொய். மொதல்ல எங்க வீட்டுக்காரருகிட்டப் போயிச் சொன்னேன். பூசையில வச்ச ஆயுதத்த மறுநாளு காலையிலதான் எடுக்கணும், சும்மா இருடிங்கிறாரு. சாஸ்திரம் பேசுறாரு, சட்டப் பையில தோட்டா குலுங்குது. அப்பறம் உங்ககிட்ட வந்தேன். வந்தேனா? நீங்க என் மூஞ்சியக்கூடப் பாக்கல. பொம்பளைங்க பக்கம் போயி நில்லும்மான்னு கைய வீசுனீங்க, ஈய வெரட்டுற மாதிரி. கற்பூரத்தப் பத்த வச்சிட்டாங்க. இனிமே நான் யாருகிட்ட போயிச் சொல்லணும்?

அதான் போனேன். நூல இழுக்கக்கூடாதுன்னு பக்கத்துல இருந்த அரிவாள எடுத்து அறுத்தேன். ஆமா, பூசையில வச்ச அரிவாதான். அப்பறம் துப்பாக்கியத் தூக்குனேன். தூக்குனா குழல எங்கிட்டாவது திருப்பித்தான ஆகணும்? ஒரு பக்கம் புள்ளைங்க. வலது பக்கம் நீங்கள்லாம். இடது பக்கம் பொம்பளைங்க. மேல தகரம், தகரத்துல பட்டுத் தெறிச்சா யாரு மேல விழும்னு யாருக்குத் தெரியும்? கீழ சிமெண்டுத் தர, அதுவுந் தெறிக்கும். பின்னால கருங்கல்லு அம்மன், அதுக்குப் பின்னால மண்மேடு. அம்மன் பக்கம் திருப்பிட்டேன். மடக்கித் தொறந்து தோட்டாவ எடுத்து முந்தானையில முடிஞ்சிக்கிட்டேன். அவ்வளவுதான் நான் பண்ணுன பாவம். அதுக்குள்ள உங்க தட்டு உருண்டு, தேங்கா உருண்டு, ஐயோ அம்மன் மேல நீட்டிட்டாளேன்னு ஒரு கூச்சல். புள்ளைங்க மேல நீட்டியிருந்தப்ப ஒரு சத்தமும் வரல!

அம்மனுக்குக் கோவமாம். பூசாரி குறி கேட்டுச் சொன்னாராம். போங்க தலைவரே. அவளும் புள்ளைங்களுக்குத் தாயிதான. என் பக்கம் திருப்புடின்னு அவளே சொல்லியிருப்பா. அவளுக்கு வராத கோவம் உங்களுக்கு எங்கருந்து வந்துச்சு?

என்ன? திருப்பிச் சொல்லுங்க.

ஓ, இது எங்க வீட்டுக்காரரு சொல்லிக் குடுத்ததா? பின்னால இருக்கிற கொக்கிய இழுத்து நிப்பாட்டாம விசைய எத்தன தடவ இழுத்தாலும் வெடிக்காது, நாந்தான் ஒண்ணுமில்லாததப் பெருசாக்கிட்டேன். இதான் கமிட்டி முடிவு. ம். நெசந்தான். அதத் தப்புன்னு சொல்லமாட்டேன். அந்தக் கொக்கிதான் போயித் தோட்டாவ அடிக்கணும். அது படுத்திருந்தா ஒண்ணும் ஆகாது.

நான் எடுத்தப்ப அது படுத்தில்ல தலைவரே.

நின்னுக்கிட்டுத்தான் இருந்துச்சு. எங்க வீட்டுக்காரரு இழுக்கல. அவரு தோட்டாவப் போட்டுட்டு அந்தாண்ட போயிட்டாரு. அப்பறம் நீங்க சந்தனக் கிண்ணத்தோட வந்தீங்க. அடிக்கட்டைக்கு வச்சீங்க, குழலுக்கு வச்சீங்க. கொக்கி தாந்து இருக்கு, பொட்டு வைக்க எடம் பத்தலன்னு கட்ட வெரலால பின்னால தள்ளுனீங்க. டக்குன்னு நின்னுச்சு. உங்களுக்கு அது என்னன்னே தெரியல. அழகா சந்தனம் வச்சி, அது மேல குங்குமம் வச்சி, தள்ளி நின்னு பாத்து ரசிச்சீங்க. நான் சுண்டல் சட்டியோட வாசப்படியில நின்னு பாத்தேன். மறுநாளு காலையில தொடைக்கும்போதும் உங்க கட்ட வெரலு பதிஞ்ச சந்தனம் அப்படியே காஞ்சி இருந்துச்சு.

தண்ணி வேணுமா? இந்தாங்க.

முன்னால, நடுவுல உக்காந்து பாடுன புள்ள யாருன்னு கவனிச்சீங்களா? உங்க பேத்தி யோகேஸ்வரி. புதுப் பாவாட கட்டிக்கிட்டு, வாய் நெறையத் தொறந்து, கண்ண மூடிப் பாடிக்கிட்டு இருக்கு. அது நெத்திக்கும் குழலுக்கும் நடுவுல ஒரு வாழப்பழத் தட்டு. நெனச்சா எனக்கு இன்னமும் தூக்கம் வரமாட்டேங்குது. உங்க மேல எனக்கு மரியாத இல்ல, அத மறைக்கல. ஆனா அந்தப் புள்ள என்ன பண்ணுச்சு?

இல்ல, கொக்கியத் தள்ளுனது நீங்கதான்னு யாருகிட்டயும் சொல்லல. எங்க வீட்டுக்காரருகிட்டக்கூடச் சொல்லல. அவருகிட்டச் சொன்னா நாளைக்குக் காப்பிக் கடையில இருக்கும். உங்க மருமவகிட்டச் சொல்லவே மாட்டேன். சொன்னா அது புள்ளைய உங்க பக்கத்துல வுடாது. அந்தப் புள்ளைக்கோ தாத்தான்னா உசுரு.

அதுக்காக மன்னிப்பு கேக்க வரமாட்டேன்னு நெனைக்காதீங்க. வரேன். வெள்ளிக்கிழம தலைக்குக் குளிச்சிட்டு வரேன், மைக்கப் போட்டு வைங்க. எதுக்கு மன்னிப்பு கேக்குறேன்னு சனத்துக்குத் தெரியணும்ல? தோட்டா போட்டதுலருந்து ஆரம்பிச்சி, மால, கொக்கி, சந்தனம், யாரு முன்னால உக்காந்திருந்தா, எல்லாத்தையும் ஒண்ணுவிடாம சொல்லிட்டு, அம்மன் காலுல விழுந்து எந்திரிக்கிறேன்.

என்ன, வேணாமா? கமிட்டியில பேசிக்கிறீங்களா?

ம். அப்ப ஷாந்தினி கல்யாணம்?

நம்ம கோயில்லயே நடத்திக்கலாமா? நல்லது. மேளத்துக்கும் சொல்லியாச்சு, மாப்ள வீட்டுக்கும் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல. நீங்க வீட்டோட வந்துருங்க தலைவரே. யோகேஸ்வரியையும் கூட்டியாங்க, முன்னால உக்காந்து பாடட்டும்.