கலங்கரை விளக்கத்தின் கதவு

ஹலோ... ஹலோ, அண்ணா... இல்ல இல்ல, அவர் இல்ல. அவர் நம்பர்தான், பேசுறது நான், அவர் வீட்டுக்காரி... ஐயோ, கொஞ்சம் நிறுத்துங்கண்ணா... சிரிக்காதீங்க. தோத்துட்டேன்னு ஒத்துக்கிட்டானான்னு கேக்காதீங்க... அண்ணா, அவர் இறந்துட்டாரு.

...

போன வெள்ளிக்கிழமை... ஆமா... ஆமா, மாரடைப்பு. சட்டை பட்டனைப் போட்டுக்கிட்டே உக்காந்தாரு, அவ்வளவுதான்... எப்படிச் சொல்றது? போன் பூட்டிக் கிடந்துச்சு, கடைக்காரர் இன்னைக்குத்தான் திறந்து கொடுத்தாரு.

கோவிச்சுக்கோங்க. எனக்கும் கோவம்தான், உங்க ரெண்டு பேர் மேலயும்! தலை நரைச்ச ஆளுங்க, ஒரு கம்ப்யூட்டர் கேமுக்காக மூணு வருஷமா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு...

ஆமா ஆமா, அந்த கேம்ல வர்ற கலங்கரை விளக்கச் சண்டைதான். உள்ள போகலாம்னு நீங்க, கதவே கிடையாதுன்னு அவர். குரூப்ல எல்லாரும் பாக்க உங்களைப் புளுகன்னு எழுதிட்டாரு... சரி, அதுக்குத்தான் கூப்பிட்டேன், கேளுங்க.

அவர் விளையாடினது பின்னாடி வந்த சிடி. அதுல எல்லாருக்கும் குரல் கொடுத்தாங்க இல்ல, அந்த விளக்குக்காரனுக்கு மட்டும் யாரும் பேசலையாம். அதனால அவன் இருக்குற அறையையே கதவோட தூக்கிட்டாங்களாம். நீங்க விளையாடினது பழைய ஃபிளாப்பி... ஆமா, பதினாறு கலர். எழுத்துதான் வரும், பேச்சு கிடையாது... எனக்கு எப்படித் தெரியுமா? நோட்டு போட்டு எழுதியிருக்காரே! சிடில இது இருக்கு, ஃபிளாப்பில அது இருக்கு, போன்ல வந்ததுல படம் பளபளன்னு இருக்கு, ஆனா எங்க தொடணும்னு அதுவே காட்டிக் கொடுத்துடுதுன்னு...

தேடித் தேடி வாங்கினாருண்ணா. பதினோரு ஃபிளாப்பி. ஏழாவது கெட்டுப் போயிருந்துச்சு, அது ஒண்ணுக்கே ரெண்டு மாசம் அலைஞ்சாரு. புதன்கிழமை நான் காய் நறுக்கிட்டிருக்கேன், "இங்க வாடி, கதவு இருக்குடி!"ன்னு கத்துறாரு.

இல்ல, உள்ள போகல... "அவனைப் புளுகன்னு சொன்ன வாய் இது. அவன் வந்து திறக்கட்டும்"னாரு. இப்பவே கூப்பிடுங்கன்னேன். போனை எடுத்தாரு, வெச்சாரு. எடுத்தாரு, வெச்சாரு. "எப்படிடி ஆரம்பிக்கிறது? ஞாயித்துக்கிழமை பேசுறேன்"னாரு. நானாவது உங்க நம்பரைப் போட்டுக் கையில குடுத்திருக்கணும்...

அழாதீங்கண்ணா... சரி, அழுங்க. நானும் அழுதுட்டுத்தான் உக்காந்திருக்கேன்.

...

கேமை அந்த இடத்துலயே சேவ் பண்ணி வெச்சிருக்காரு. என்ன பேர்ல தெரியுமா? இங்கிலீஷ் எழுத்துல தமிழை அடிச்சு, "குண்டா நீ சொன்னது சரி"...

ஆமா, கம்ப்யூட்டர் முன்னாடிதான் இருக்கேன். கேம்ல வர்ற அந்த ஆளு கதவுகிட்ட நிக்கிறான்... நானா? ம்ஹூம், மவுஸைத் தொடவே மாட்டேன்.

என்னது?... வேண்டாம், வேண்டாம். உள்ள என்ன இருக்குன்னு சொல்லாதீங்கண்ணா. அவரே பாக்காம போயிட்டாரு... ஞாயித்துக்கிழமை வாங்க. நீங்களே வந்து திறங்க. வைக்கிறேன்.