சாம்பல் நிற வரி

நிரல் வரிகளைப் படிப்பவருக்குக் கண் நோகக்கூடாது, சார். திருப்பதி ஆபீசில் அதுதான் என் வேலை. தரணி நிரல் எழுதுவாள். நான் அதை இணையப் பக்கத்தில் ஏற்றி, வரிகளை ஒழுங்குபடுத்தி, நிறம் கொடுப்பேன். கட்டளைக்கு நீலம், எண்ணுக்கு ஆரஞ்சு, வெறும் விளக்கக் குறிப்புக்குச் சாம்பல். டெக்னீஷியன்கள் அந்தப் பக்கத்தைப் போனில் திறந்து வைத்துக்கொண்டு, பட்டுப்புழு ஷெட்டில் உள்ள கேஸ் ஹீட்டரை இயக்கும் பெட்டியில் வரிவரியாக அடிப்பார்கள். சாம்பல் நிற வரியை விட்டுவிடலாம் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

தரணியும் நானும் ஒன்றாகத்தான் வேலைக்குச் சேர்ந்தோம். ஒருநாள், பெங்களூருக்கு மாற்றல் வருகிறது என்றாள்.

"நீயும் அப்புறமா வந்துடு சுதீர்."

அந்த 'அப்புறமா' எனக்குப் பிடிக்கவில்லை.

அவள் வேலையில் ஒரு புகார் வந்தால் மாற்றல் நின்றுவிடும் என்று தோன்றியது. ராமகுப்பம் ஷெட்டுக்கான பக்கத்தில், மின்விசிறி நின்றால் கேஸை மூடச் சொல்லும் வரி இருந்தது. அதற்குச் சாம்பல் நிறம் கொடுத்தேன். ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை. பக்கத்தைச் சரிபார்க்க வேண்டியவள் தரணி. "நீ பண்ணா சரியாத்தான் இருக்கும்" என்று பார்க்காமலே ஒப்புதல் கொடுத்தாள்.

புழுக்கள் சாகும், புகார் வரும் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஷெட்டைப் பார்த்துக்கொள்ளும் முனிரத்தினமும் அவர் பெண்டாட்டி சுலோசனாவும் அந்த ஷெட்டிலேயே படுப்பது எனக்குத் தெரியாது என்று பொய் சொல்லமாட்டேன். அந்த இணையப் பக்கத்தில் இருக்கும் ஷெட் படம் நான் எடுத்தது. ஹீட்டருக்குப் பக்கத்தில் அவர்களுடைய பாய் விரித்துக் கிடந்தது. பார்க்க நன்றாக இல்லையென்று அதை வெட்டிவிட்டுப் போட்டேன்.

மார்கழியில் கரண்ட் போனது. விசிறி நின்றது, பேட்டரியில் ஓடும் பெட்டி கேஸை மூடவில்லை, அது எரிந்துகொண்டே இருந்தது. மூடிய ஷெட்டில் நச்சுக்காற்று நிறைந்து, புருஷனும் பெண்டாட்டியும் எழுந்திருக்கவில்லை.

அந்தப் பக்கத்தைப் பார்த்துப் பெட்டியில் அடித்த டெக்னீஷியன் மணிவேல் அழுதான். "சாம்பல் கலர்ல இருந்துச்சு சார், அதான் உட்டுட்டேன்."

தரணி குறித்துத் தந்தபடியே நிறம் கொடுத்தேன் என்று ஆபீசில் சொன்னேன். அவளே அதை நம்பிவிட்டாள். "நான்தான் தப்பா குறிச்சிட்டேன் போல" என்றாள். அன்றோடு அவள் வேலை போயிற்று.

ஞாயிறுதோறும் புத்தலப்பட்டில் அவள் வீட்டுக்குப் போனேன். தட்டை முன்னால் வைத்துக்கொண்டு சுவரையே பார்த்திருப்பாள். "எதுவும் துன்ன மாட்டேங்கிறா. நீ சொன்னா கேப்பா தம்பி" என்பார் அவள் நைனா. நான் சொன்னால் இரண்டு வாய் சாப்பிடுவாள்.

"நீ ஒருத்தன்தான் வந்துக்கினு கீற சுதீர்" என்று ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு நிம்மதியான ஞாயிறுகள் எனக்கு வாய்த்ததே இல்லை.

இப்போது அவளைச் சித்தூர் ஜெயிலில் வைத்துவிட்டீர்கள். அங்கே அவள் சாப்பிடமாட்டாள். அதனால்தான் வந்தேன். அந்த இரண்டு பேரையும் கொன்றது நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன் சார். தரணிக்கு இது தெரியவேண்டாம். பாவம், என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?