கேட்டிருந்தால் போட்டிருப்பேன்

சீனி போடாத பிளேன்டீ தந்ததற்கு நன்றி, ஐயா. இந்த விசாரணையில் மறைக்க என்னிடம் ஒன்றுமில்லை.

உட்துறைமுக வீதியிலுள்ள கப்பல் முகவர் கம்பனியொன்றில், மின்னஞ்சல்கள் வந்துபோகும் கணினியான மெயில் சேவரை நான்தான் பார்த்துவந்தேன். அது எங்களுடைய சேவர்தான் என்று வெளியாருக்கு உறுதி சொல்வது ஒரு சான்றிதழ். அதன் தவணை முடிந்தால், அனுப்புகிறவர்களின் கண்டிப்பான சேவர்கள் மடல்களை எங்களுக்குத் தராமல் தங்களிடமே வைத்துக்கொள்ளும். எந்தச் சான்றிதழை எடுப்பது நல்லது என்று கூட்டத்தில் விளக்கினேன். மனேஜர் கலீலுர் றஹ்மான் போனிலிருந்து தலையை நிமிர்த்தி, "அது கிடக்கட்டும் தம்பி, பிரிண்டரைப் பாருங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

பிரிண்டரைத் திருத்திக் கொடுத்தேன். புதிய சான்றிதழையும் எடுத்து வைத்தேன். போடவில்லை. அவர் வந்து கேட்கட்டும் என்றிருந்தேன்.

பழையது முடிந்த மறுநாள் காலை, எங்கள் கிளார்க் பிரசாந்தினி ஓடிவந்தாள்.

"ஸப்வான் நானா, குடாவில நிக்கிற கப்பலில ஆருக்கோ கடும் வருத்தமாம். கப்டன் போன் எடுத்தவர், மெயில் போட்டவராம். விபரம் கேக்க முந்தி லைன் அறுந்திட்டு. இஞ்ச ஒண்டும் வரேல்லையே?"

மடல் எங்கே நிற்கிறது என்று எனக்குத் தெரியும். கப்டன் எழுத்தில் கேட்காமல் வைத்தியரைப் படகில் அனுப்ப ஏலாது. அது கம்பனி விதி.

"மனேஜரை வந்து கேக்கச் சொல்லுங்க" என்றேன்.

அவர் கிண்ணியாவில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். போனை எடுக்கவில்லை. பிரசாந்தினி அழுதாள். கதிரையை இழுத்துப்போட்டு இருக்கச் சொன்னேன். என் யன்னலிலிருந்து அந்தக் கப்பல் நன்றாகத் தெரிந்தது.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மனேஜர் வந்தார். கல்யாணச் சட்டையோடு என் மேசைக்கு முன்னால் நின்று, "தம்பி, உங்களாலதான் ஏலும். கொஞ்சம் செஞ்சு தாங்க" என்றார். உடனே போட்டுக் கொடுத்தேன். சின்ன வேலை.

தேங்கிக் கிடந்த மடல்கள் வந்து விழுந்தன. கப்பலின் சமையற்காரருக்கு வயிற்றுவலி என்றது முதலாவது. நினைவு தப்பிவிட்டது என்றது அடுத்தது. கடைசி மடலில், வைத்தியர் இனித் தேவையில்லை என்று இருந்தது.

"மெயில் இப்ப வேலை செய்யுது, சேர்" என்றேன்.

அந்தச் சமையற்காரரோடு எனக்கு ஒரு பகையும் இல்லை, ஐயா. அவர் பெயரே பிறகுதான் தெரியும்.

என் இடத்தில் இப்போது கோகுலன் இருக்கிறானாம். தவணை முடியுமுன்பே, யாரும் கேட்காமலே புதியதைப் போட்டுவிடுகிறானாம். கெட்டிக்காரன்தான். ஆனால் அப்படிச் செய்தால் அவனை அங்கே யார் மதிக்கப்போகிறார்கள்?